சர்வேயர் வரும்வரை கப்பலை அசைக்காதே

என் அக்கா புருஷனை நான் பத்தொன்பது நாள் ஏமாற்றினேன். அதில் முதல் பதினாறு நாளும் வயிறு வலிக்கச் சிரித்தேன். இதை எழுத உட்கார்ந்தால் இப்போதும் முதலில் அந்தச் சிரிப்புதான் ஞாபகத்துக்கு வருகிறது, வெட்கம் அப்புறம்தான் வருகிறது. நான் அப்படிப்பட்ட ஆள்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது!

எங்கள் ஊர் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது. ஒடுகத்தூரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா நகல், வருமானச் சான்று, கரண்ட் பில், பரீட்சை விண்ணப்பம் எல்லாம் போட்டுத் தருவேன். கலெக்டருக்கு மனு எழுத வேண்டுமென்றால் நாலு ஊர்க்காரர்களும் என்னிடம்தான் வருவார்கள். "மேற்படி பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்துக்கு" என்று நான் ஆரம்பித்தால் எந்தக் குமாஸ்தாவும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவான்.

ஆள் வராத நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் ஒரு விண்வெளி விளையாட்டு ஆடுவேன். உலகம் முழுக்க ஆட்கள் ஆன்லைனில் சேர்ந்து ஆடுவது அது. கப்பல் வாங்கலாம், ஒரு கிரகத்திலிருந்து இன்னொரு கிரகத்துக்குச் சரக்கு அடிக்கலாம், சண்டைக்குப் போகலாம். செங்கத்தில் மண்டி வைத்திருப்பவன் ஒருவன், கணியம்பாடியில் லேத் பட்டறை வைத்திருப்பவன் ஒருவன், இப்படிப் பதினொரு பேர் ஒரு குழு. மைக்கில் தமிழில் கத்திக்கொண்டே ஆடுவோம். பன்னிரண்டாவதாகச் சேர்ந்தவர்தான் மாமா, அக்கா புருஷன்.

அவர் முன்பு குட்டியானை ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்த வண்டி, மஞ்சள் கலர். மலைமேல் இருந்து சாமையும் புளியும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வருவார். ஒரு நாள் மலைப்பாதை வளைவில் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. இடுப்பிலும் தொடையிலும் பிளேட் வைத்தார்கள். நாலு மாதம் படுக்கை, அதற்கப்புறம் வாக்கர். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அக்காவும் அவரும் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார்கள். அக்கா விடிந்ததும் ஷூ கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுவாள். பொழுது சாயும்வரை வீட்டில் அவரும் நானும்தான்.

வீட்டோடு மாப்பிள்ளையை எங்கள் பக்கம் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மாமன் மச்சான் என்றால் கேலிக்கு லைசென்ஸ் வேறு உண்டு. அந்த லைசென்ஸை நான் நன்றாகவே பயன்படுத்தினேன். அவர் விழுவதற்கு முன்னால் "வாங்க மாமா, போங்க மாமா" என்றிருந்தவன், அவர் எங்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்த மாதத்திலேயே "வா மாமா, போ மாமா" என்று மாறிவிட்டேன். அக்கா கவனிக்கவில்லை. அவர் கவனித்திருப்பார்.

வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் கிடைக்கவில்லை. சேதத்தை மதிப்பிடும் கம்பெனி சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன்பே, அங்கேயே விட்டால் கழற்றிக்கொண்டு போவார்கள், எடு என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக நான் கிரேன் வைத்து வண்டியைத் தூக்கி எங்கள் வீட்டுப் பக்கத்தில் போட்டுவிட்டேன். விபத்து நடந்த இடத்தில் வாகனம் இல்லை என்று கம்பெனிக்காரன் ஒரே வரியில் தள்ளிவிட்டான். அந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டியதும் நான்தான். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "சர்வேயர் வராம எத்தயும் அசைக்கக் கூடாதுடா மச்சான், இது தெரியாம போச்சே" என்று மட்டும் நாலைந்து முறை சொன்னார்.

சும்மா படுத்துக் கிடக்கிறாரே என்று ஒரு பழைய லேப்டாப்பில் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். பாசம் என்று நினைக்காதீர்கள். சண்டைக்குப் போகும் எங்களுக்குச் சரக்குத் தூக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. சுடத் தெரிந்தவன் எவனும் மூட்டை தூக்க மாட்டான். மாமா ஏழாவது வரை படித்தவர், திரையில் இருந்த இங்கிலீஷ் அவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் எந்தப் பாதையில் போனால் கொள்ளைக்காரன் வருவான், எங்கே எதை ஏற்றினால் திரும்பும்போது காலியாக வர வேண்டியதில்லை என்பதெல்லாம் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிட்டது. குழுவில் எல்லோரும் "லோடு மாமா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "லோடு மாமா எங்க கீறீங்க? நீங்க வந்தாதான் கெளம்பணும்" என்று செங்கத்துக்காரன் கேட்பான். அதற்கு அவர் பதில் சொல்லும் குரல் எனக்குப் பின்னறையிலிருந்தும் கேட்கும், ஹெட்போனிலும் கேட்கும். வீட்டுக்குள் அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

பதினாலு மாதம் சின்னக் கப்பலில் லோடு அடித்து, ஒரு பெரிய சரக்குக் கப்பல் வாங்கினார். குழுவிலேயே பெரிய கப்பல் அதுதான். மஞ்சள் பெயின்ட் அடித்தார். வாங்கின அன்றைக்கே முதல் வேலையாக இன்சூரன்ஸ் எடுத்தார். விளையாட்டில் அதற்கும் வசதி உண்டு. முப்பது நாள் பாலிசி. கப்பல் அழிந்தால் அதே மாதிரி புதுக் கப்பல் கொடுத்துவிடுவார்கள்.

பாலிசி எடுத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தபோது விளையாட்டில் ஒரு அப்டேட் வந்தது. மறுநாள் காலையில் மாமா துறைமுகத்திலிருந்து கப்பலை வெளியே எடுத்தார். பாதிக் கப்பல் வெளியே வந்தது, பாதி துறைமுகச் சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, கப்பல் மட்டும் அசையவில்லை. உள்ளேயிருந்து இறங்கி வர முடிந்தது, அவ்வளவுதான். அந்த அப்டேட்டில் எத்தனையோ பேருக்கு இப்படி ஆகியிருந்தது. அதற்கு வழியும் எல்லோருக்கும் தெரியும். கப்பலைத் தானே வெடிக்க வைக்க ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் கப்பல் அழிந்ததாகக் கணக்காகும், உடனே இன்சூரன்ஸில் புதுக் கப்பல் வந்துவிடும். அழியாத கப்பலுக்கு எதுவும் கிடையாது. பாலிசி முடிவதற்குள் அமுக்க வேண்டும், விஷயம் அவ்வளவுதான்.

மாமா வாக்கரைத் தள்ளிக்கொண்டு முன்னறைக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மச்சான், கப்பல் மாட்டிக்கிச்சுடா. இன்சூரன்ஸ் எப்டி கேக்கறது?"

பட்டனை அமுக்கு மாமா என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கில் வந்தது வேறு.

"சர்வேயர் வரணும் மாமா. அதுவரிக்கும் கப்பலை அசைக்காத."

கேலிக்குத்தான் சொன்னேன். சிரிப்பார், இல்லையென்றால் "போடா" என்பார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். "நல்ல வேள கேட்டேன்" என்றார். "ஒரு தடவ பட்டதே போதும்டா சாமி." வாக்கரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும், அவர் இல்லாத தனிச் சேனல் ஒன்றைத் திறந்து மைக்கில் இதைச் சொன்னேன். பத்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துவிட்டது, அதுதான் கர்மம். அன்று மதியமே விளையாட்டில் புதிதாக ஒரு ஆளை உருவாக்கினேன். பெயர் சர்வேயர். மாமாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "தங்களின் கப்பல் சேதம் தொடர்பான கோரிக்கை பெறப்பட்டது. தமிழ்நாடு கிளை சர்வேயராகிய நான் நேரில் ஆய்வு செய்யும்வரை மேற்படி கப்பலை அசைக்கவோ அழிக்கவோ கூடாது." மனு எழுதிப் பழகிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா!

"தமிழ்ல எழுதறாங்கடா! தாங்கள்னு போட்டுக்கீறாங்க" என்று மாமா பின்னறையிலிருந்து கத்தினார்.

அதற்கப்புறம் அவர் ஒரு சின்னக் கப்பலை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய கப்பலுக்குப் பக்கத்தில் நிறுத்திக் காவல் காக்க ஆரம்பித்தார். காலையில் அக்கா போனதும் உட்காருவார், அவள் வரும்வரை உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டுத் தட்டும் அங்கேயே. எதிரி எவனாவது சுட்டு கப்பலைப் பொடியாக்கினால் அவருக்கு இன்சூரன்ஸ் கிடைத்திருக்கும், அதுதான் இதில் வேடிக்கை. ஒரு நாள் நிஜமாகவே ஒருத்தன் வந்தான். வேற்று நாட்டுக்காரன். மாமா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவனுக்கு எழுதினார்: "ப்ளீஸ் நோ ஷூட். சர்வே பெண்டிங். ஐ ஆம் பூர் டிரைவர்." அவன் என்ன நினைத்தானோ, சுடாமல் போய்விட்டான். அந்தப் பாவிக்கு இருந்த இரக்கம் எனக்கு இல்லை. "சர்வே பெண்டிங்" என்பது எங்கள் குழுவில் ஒரு வாரத்துக்கு வணக்கம் சொல்வது மாதிரி ஆகிவிட்டது.

சர்வேயர் தினமும் ஏதாவது கேட்டார். நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ அனுப்பவும். மாமா எட்டு அனுப்பினார். கப்பலை வாங்கிய நாள் முதல் ஏற்றிய லோடு விவரம் தரவும். ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினார். நன்னடத்தைச் சான்று தேவை என்று ஒரு நாள் கேட்டேன். "அது யாராண்டடா வாங்கறது?" என்று என்னிடமே வந்தார். நானே டைப் செய்து, நானே கையெழுத்துப் போட்டு, அச்செடுத்துக் கொடுத்தேன். "நீ இல்லன்னா நான் இன்னாடா பண்ணுவேன்" என்றார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஒரே ஒரு தடவை மட்டும் எனக்கு என்னவோ போல இருந்தது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் கப்பலும் போய்ட்டா, நான் எதுக்குடா? அங்கயாச்சும் நாலு பேரு எனுக்காகக் காத்துக்கினு கீறானுங்க." நான் மோர் ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டேன். இன்னும் நாள் இருக்கிறது, கடைசி நாளில் சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். முன்பு என்னிடம் ஒரு டீசல் ஜெனரேட்டர் இருந்தது. மாமா விழுந்த மறு வாரமே அதை விற்றுவிட்டேன். பழுது என்று அக்காவிடம் சொன்னேன். அது பழுது இல்லை. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் கரண்ட் போனால் என் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். மாமாவின் லேப்டாப்பில் பேட்டரி உண்டு, நெட்டுக்குப் போன் உண்டு. அவர் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பார்.

கடைசி வாரம் திங்கட்கிழமை சர்வேயர் இந்தக் கேள்வியை அனுப்பினார்: "விபத்து எவ்வாறு நிகழ்ந்தது? விபத்துக்கு முந்தைய பத்து நிமிடங்களில் நடந்தவற்றை ஒளிவு மறைவின்றி எழுதவும்." குழுவில் எல்லோரும் கேட்டு வாங்கிய கேள்வி அது. மாமா என்ன எழுதுவார் என்று ஆளுக்கு ஆள் ஊகம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை பதில் வரவில்லை. புதன்கிழமை மதியம் வந்தது, நீளமாக. கதவைச் சாத்திவிட்டு மைக்கை ஆன் செய்து, எல்லோரும் கேளுங்கள் என்று சொல்லி, மாமா மாதிரியே குரலை மாற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

"ஐயா வணக்கம். கப்பல் எப்டி மாட்டிச்சுன்னு எனக்குத் தெரியாது. கதவு தெறந்துச்சு, வெளிய வந்தேன், பாதி செவுத்துக்குள்ள நின்னுபோச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனேன்.

"ஆனா வண்டி எப்டி வுழுந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நீங்க கேட்டதால சொல்றேன், இதுவரிக்கும் யாரும் கேக்கல. புளி மூட்ட ஏத்திக்கினு எறங்கினு இருந்தேன். என் மச்சான் போன் பண்ணான். கரண்ட் இல்ல, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கினு வா, மூணு மணிக்கு கேம்ல சண்ட கீதுன்னான்."

கண் பார்த்ததை வாய் படித்துவிட்டது. நிறுத்தினேன்.

"அப்புறம்? படிடா" என்றான் செங்கத்துக்காரன்.

"அவ்ளோதான்."

"அன்னிக்கி சண்டைக்கு டீசல் வருது வருதுன்னு போன்ல நீதான சொல்லினு இருந்த? மாமா வுழுந்தது அன்னிக்கா?"

மைக்கை அணைத்தேன். மிச்சத்தைத் தனியாகப் படித்தேன்.

"சரின்னேன். மறுபடியும் பண்ணான், எந்த வளைவுன்னு கேட்டான். சொன்னேன். மறுபடியும் பண்ணான். ஏழு தடவ. எடுக்கலன்னா கோச்சிக்குவான்னு எடுத்தேன். ஏழாவது தடவ, மாட்டு வண்டியா மாமா ஓட்டறீங்கன்னான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சிக்கினே திரும்பறேன், எதிர்ல பஸ்சு. இத்த நீங்க எழுதிக்க வேணாம் ஐயா. போன் பேசிக்கினு ஓட்னா கிளைம் தர மாட்டாங்கன்னு தெரியும். என் சம்சாரத்துக்கும் தெரியாது. தெரிஞ்சா தம்பிகூடப் பேச மாட்டா."

அன்று நான் ஏழு தடவை போன் செய்தது எனக்கு மறக்கவில்லை. அவருக்குத்தான் மறந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். போன் நசுங்கிப் போயிருந்தது, நினைவு வந்தபோது அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எப்படி மாமா ஆச்சு என்று ஒரு தடவைகூட அவரிடம் நான் கேட்டதில்லை. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது, நான் பழம் வாங்கி வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வேன்.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்காமல் திரிந்தேன். இவர் ஏன் எடுத்தார்? எடுக்காமல் ஓட்டியிருக்கலாமே! வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவரா நானா? இப்படி எல்லாம் கேட்டுக்கேட்டு என் பக்கம் நியாயத்தைக் கட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு சர்வேயராக உட்கார்ந்து இதை எழுதினேன்:

"விபத்துக்கு ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்பது தங்கள் வாக்குமூலத்திலிருந்தே தெளிவாகிறது. எனவே தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகும் இரண்டு மணி நேரம் இருந்தது. பதினைந்து அடி தூரம் நடந்து போய் "பட்டனை அமுக்கு மாமா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? போகவில்லை. மூன்று மணிக்குக் கரண்ட் போனது. அணைந்த திரைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாலு மணி தாண்டியதும் டீ போட்டுக்கொண்டு பின்னறைக்குப் போனேன். ஆறுதல் சொல்லப் போகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

லேப்டாப் திறந்திருந்தது. மஞ்சள் கப்பல் சுவரில் பாதியாக நின்றுகொண்டிருந்தது. ஓரத்தில் பாலிசி முடிந்தது என்று சிவப்பில் எழுதியிருந்தது.

"இன்னா மாமா, சர்வேயர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

டீயை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார்.

"கரண்டு போனா சர்வேயரும் போய்டறாருடா மச்சான். வந்தா வந்துடறாரு. நம்ம லைன்லதான் கீறாரு போல."

நான் முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"போன வாரமே தெரியும்" என்றார். "பட்டன் விஷயம் செவ்வாக்கெழம தெரியும். கணியம்பாடி தம்பி மனசு கேக்காம போன் பண்ணிச்சு. உடனே அமுக்குங்க மாமான்னு அழுவாத குறையா சொல்லிச்சு."

"அப்புறம் ஏன் மாமா அமுக்கல?"

"ஒன்னற வருஷமா நீ கேப்பேன்னு பாத்துக்கினு இருந்தேன். சர்வேயரா வந்தாச்சும் கேட்டியே, அதான் எழுதனேன். நீ இன்னா எழுதறன்னு பாக்கலாம்னு வுட்டேன்." டம்ளரை என்னிடம் நீட்டினார். "பாத்துட்டேன். சக்கர கம்மி."

லேப்டாப்பை மூடினார். அதற்குப் பிறகு அவர் அதைத் திறக்கவில்லை. குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள், நான் எதுவும் கேட்கவில்லை. எப்போதாவது தனியாகப் போய்ப் பார்க்கிறேன். கப்பல் அங்கேயேதான் நிற்கிறது. இனி எவன் சுட்டாலும் அதற்கு ஒன்றும் கிடைக்காது. எவனும் சுடவும் இல்லை.

நான் மறுபடியும் "வாங்க மாமா, சாப்பிடுங்க மாமா" என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறேன். அவர் வருகிறார், சாப்பிடுகிறார், தேவைக்குப் பேசுகிறார். அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கும் நேரத்தில் இன்றைக்குச் சொல்லிவிடுவாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் சொல்வதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா துணி மடித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். மாமா பின்னறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவுருக்கு இன்னாடா ஆச்சு? கேம்கூட ஆடறதில்ல, என்னாண்டயும் ஒண்ணும் சொல்ல மாட்றாரு. நீயாச்சும் கேளேன்டா. நீ கேட்டா சொல்வாரு."